பக்கத்துக்கு ஒரு கையெழுத்து

சென்னை
10.8.1998

அன்புத் தங்கச்சி முனீசுக்கு,

அண்ணன் சூரியபிரகாஷ் எழுதுவது. இங்கே நான் சுகம். அப்பாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மா சுகர் மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறதா? எல்லாரைப் பற்றியும் பதில் எழுது.

ஒரு நல்ல சேதி. மதுரை கே.கே. நகர் ஆஸ்பத்திரிக்கு நாம் செய்து கொடுத்த கம்ப்யூட்டர் புரோகிராமை இங்கே ஒரு கம்பெனியில் போட்டுக் காட்டினேன். அசந்துபோய்விட்டார்கள். நோயாளி வந்து படுக்கிறதிலிருந்து வீட்டுக்குப் போகிற வரைக்கும் அத்தனையும் இருக்கிறது, தமிழ்நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குப் போடலாம் என்கிறார்கள். புரோகிராமையும் எடுத்துக்கொண்டு என்னையும் வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல். கம்பெனி வக்கீல் பழைய காலத்து மனிதர். பிளாப்பியை நம்பவே மாட்டேன் என்கிறார். "இதுல இருக்கறத யார் வேணா மாத்திட்டுப் போயிடலாம் சார். பேப்பர்ல இருந்தாத்தான் அது சொத்து" என்று ஒரே பிடி. அதனால் புரோகிராமின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் அச்சடித்துத் தர வேண்டும். மெஷின் நம் கம்ப்யூட்டர் சென்டரில் உன்னிடம் இருக்கிறது. நீதான் செய்யணும்.

இன்னொன்று. ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் 'எழுதியவர்' என்று உன் பெயரைப் போட்டிருக்கிறாய். அங்கே என் பெயரைப் போட்டுவிடு. கோபப்படாதே. கம்பெனிக்காரன் ஒரு ஆளோடுதான் பேசுவான். நான் உள்ளே போய் உட்கார்ந்ததும் உன்னையும் இழுத்துவிடுகிறேன். மூன்றே மாதம். தைக்கு முன்னால் நீயும் சென்னையில் இருப்பாய். இது அண்ணன் வாக்கு.

உன் நலம் நாடும்
சூரியா

*

விளாங்குடி
16.8.1998

அன்புள்ள அண்ணே,

இங்கே எல்லாரும் சுகம், அப்பாவின் முட்டி தவிர. மாத்திரை போடச் சொன்னால் அம்மா, "எனக்கு என்ன கேடு" என்று என்மேல் பாய்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

'நாம் செய்து கொடுத்த புரோகிராம்' என்று எழுதியிருக்கிறாய். வாசித்துவிட்டுச் சிரித்தேன். நீ டாக்டரோடு காபி குடித்தாய். நான் நாலு வருசம் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணாடி போட்டுக்கொண்டேன். அதற்காக உன்னைக் குறைத்துச் சொல்லவில்லை. உன் வாய் இல்லாவிட்டால் அந்த ஆஸ்பத்திரி வாசலைக்கூட நான் மிதித்திருக்க மாட்டேன். எனக்கு நாலு பேரிடம் பேச வராது, உனக்குத் தெரியும்.

அறுபத்து மூன்று ஃபைல். பெயரை மாற்றிவிட்டேன். நாலே நிமிஷம்தான் ஆனது. கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன்.

போன வாரம் அவனியாபுரத்திலிருந்து மலையம்மாள் அத்தை வந்திருந்தது. "பொட்டப்பிள்ளைக்கு எம்புட்டு வருசம்தேன் படிப்பும் கம்ப்யூட்டரும்? எம் மகனுக்குப் பட்டறை இருக்கு, சோத்துக்கா பஞ்சம்?" என்று நடுவீட்டில் உட்கார்ந்து கேட்டது. சுருளி அத்தானைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நல்ல மனுசன்தான். ஆனால் வாசலில் நின்று, "கல்யாணத்துக்கப்புறம் அதெல்லாம் எதுக்கு புள்ள" என்றார். அப்பா எனக்குத் தை வரைக்கும் தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் வேலை கிடைத்தால் சென்னை, இல்லாவிட்டால் அவனியாபுரம். உன் வாக்கை நம்பித்தான் பெயரை எடுத்தேன் அண்ணே. அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

பாசமுள்ள தங்கச்சி
முனீஸ்வரி

*

சென்னை
22.8.1998

அன்புத் தங்கச்சிக்கு,

நலமே. கடிதம் கிடைத்தது. உன் விஷயம் எனக்கு மறக்குமா?

வக்கீல் இப்போது இன்னொன்று சொல்கிறார். பத்திரம் எழுதினால் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறோம் இல்லையா? அதே மாதிரி இதிலும் எழுதியவர் பக்கத்துக்கு ஒரு கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் சிரித்தேன், அந்த ஆள் சிரிக்கவில்லை.

எனக்கு இங்கே காலையிலிருந்து மூச்சுவிட நேரமில்லை. நீ அனுப்பி, நான் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுக்க ஒரு மாதம் ஆகிவிடும். என் கையெழுத்தை நீயே போட்டு அனுப்பு. பத்தாம் வகுப்பில் என் ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைப் போட்டவள் நீ. அதைக் கண்டுபிடிக்க வாத்தியாராலேயே முடியவில்லை, இந்த வக்கீலா கண்டுபிடிக்கப் போகிறார்?

பார்சலைக் கம்பெனி விலாசத்துக்கே லாரி சர்வீசில் போட்டுவிடு. நனையாமல் பிளாஸ்டிக் சுற்று.

அண்ணன்
சூரியா

*

விளாங்குடி
7.9.1998

அன்புள்ள அண்ணே,

வீட்டில் எல்லாரும் சுகம். என் வலதுகை மட்டும் சுகமில்லை.

பார்சல் நேற்றுப் போய்விட்டது. ஆயிரத்து நானூற்றுப் பதினாறு பக்கம். ஆறு நாள் பிரிண்டர் ஓடியது. ரிப்பன் இரண்டு தீர்ந்தது. ஓரத்துத் துளை கிழிந்து நாலு தடவை பேப்பர் சிக்கியது. கரண்ட் போனால் பாதிப் பக்கத்தில் நின்றுவிடும், அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து அடிக்கணும். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு பாடம் படித்தார்கள்.

அண்ணே, இதை முழுசாக இதுவரை யாரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. திரையில் ஒரு நேரத்துக்கு இருபது வரிதானே தெரியும். மடித்து அடுக்கி வைத்தபோது ஒரு சாண் உயரம் வந்தது. நாலு வருசம், ஒரு சாண். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன். பெருமையாக இருந்தது. ஏன் மறைக்கணும்?

கையெழுத்தை வீட்டில் வைத்துத்தான் போட்டேன். ஒரு நாளைக்கு இருநூறு பக்கம். சென்டரில் பிள்ளைகளின் பயிற்சித் தாளில் பகல் முழுக்க என் கையெழுத்து. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் உன் கையெழுத்து. நான் போடப்போட அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரை மடித்துக் கொடுத்தது.

"ஏன்டி, இம்புட்டையும் நீயா எழுதுன?" என்று கேட்டது.

"இல்லம்மா, அண்ணன் எழுதுச்சு" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைக் கொடுத்தது.

அன்றைக்கு அதற்கப்புறம் கையெழுத்து சரியாக வரவில்லை. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து போட்டேன். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், சொல்லிவிட்டேன்.

வேலை விஷயமாக எப்போது பேசுவாய் என்று எழுது.

முனீஸ்வரி

*

சென்னை
30.9.1998

முனீசு,

சுகமா? இங்கே எனக்குச் சுகமில்லை, உன்னால்தான்.

தொள்ளாயிரத்து மூன்றாம் பக்கத்தில் என்ன செய்து வைத்திருக்கிறாய்? என் கையெழுத்துக்குப் பதிலாக 'கா. முனீஸ்வரி' என்று உன் கையெழுத்தைப் போட்டிருக்கிறாய். அந்த வக்கீல் ஆயிரத்து நானூறு பக்கத்தையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டியிருக்கிறார். அந்தப் பக்கத்தை எம்.டி. மேசைமேல் விரித்து வைத்து, "யார் சார் இந்த முனீஸ்வரி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்கு வேர்த்துவிட்டது.

என் தங்கச்சி, டைப் அடித்துக் கொடுத்தவள், கைமறதியாகப் போட்டுவிட்டாள் என்று சொன்னேன். அதை எழுதி வாங்கிக் கொடுங்கள் என்கிறார்கள். இத்துடன் இங்கிலீஷில் அடித்த தாள் ஒன்று வைத்திருக்கிறேன். உட்கார்ந்து வாசிக்க வேண்டியதில்லை. நான் சொல்லச்சொல்ல நீ டைப் மட்டும் அடித்தாய், உனக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது, இதில் உனக்கு எந்த உரிமையும் கிடையாது. அவ்வளவுதான். வெறும் சம்பிரதாயம். கையெழுத்துப் போட்டு மறு தபாலில் அனுப்பு. இது வராவிட்டால் என் வேலையும் போச்சு, உனக்கு நான் வாங்கித் தரப்போகிற வேலையும் போச்சு. அப்புறம் தை வந்துவிடும், யோசித்துக்கொள்.

அப்பா, அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

சூரியா

*

விளாங்குடி
5.10.1998

அன்புள்ள அண்ணே,

எல்லாரும் நலம்.

நீ கேட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை என் கையெழுத்தேதான், பிசகில்லை. தொள்ளாயிரத்து மூன்றாம் பக்கத்தை நான் வேண்டுமென்று செய்யவில்லை. அன்றைக்குச் சென்டரில் எண்பது தாளுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தேன், கை அதே பழக்கத்தில் போய்விட்டது.

தாளை வாசித்தேன். 'புரோகிராம் எழுதத் தெரியாது' என்ற ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ அவசரம் என்று எழுதியிருந்ததால் கேட்கவில்லை.

முனீஸ்வரி

*

விளாங்குடி
4.12.1998

அன்புள்ள அண்ணே,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதுமா என்று அம்மா தினமும் தபால்காரரை மறிக்கிறது. அப்பா, "வேலையில இருக்கறவன்ட்ட போயி" என்று அதட்டினாலும் அவரும் தெருவைத்தான் பார்க்கிறார்.

சென்டரை இழுத்து மூடியாகிவிட்டது. நீ போனபிறகு வருகிற பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், வருகிற காசு வாடகைக்கே கட்டுப்படியாகவில்லை. மெஷின் இரண்டும் நம் வீட்டு நெல் மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அத்தை ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

மூன்று மாதம் என்றாய். நாலாவது மாதம் ஓடுகிறது. பேசினாயா இல்லையா? இல்லையென்றால் இல்லையென்று எழுது. எனக்கு அழுகை வராது, பயப்படாதே.

முனீஸ்வரி

*

அஞ்சலட்டை, சென்னை, 19.12.1998

அன்புத் தங்கச்சிக்கு, நலம். வேலை அதிகம். உன் விஷயம் மனதில் இருக்கிறது. இப்போது ஆள் எடுக்கவில்லை என்கிறார்கள். பொறு. பொங்கலுக்கு வர முடியாது. அம்மாவிடம் சொல். சூரியா.

*

விளாங்குடி
24.1.1999

அண்ணே,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே சுகம்.

உன் அட்டை வந்து எட்டாம் நாள் பேப்பரில் உங்கள் கம்பெனி விளம்பரம் வந்தது. புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் பதினைந்து பேர் வேண்டுமாம். உன்னிடம் சொல்லாமல் நானே எழுதிப் போட்டேன். இருபதாம் தேதி வரச் சொன்னார்கள். அப்பா அந்த முட்டியோடு என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

எழுத்துப் பரீட்சை வைத்தார்கள். நாற்பது பேர். நான்தான் முதல். உள்ளே கூப்பிட்ட பெரியவர் நல்ல மாதிரி, அரைமணி நேரம் கேட்டார், எல்லாவற்றுக்கும் சொன்னேன். எனக்கே ஆச்சரியம், பேச வந்தது அண்ணே. "மதுரையில இவ்வளவு நல்லா யாரும்மா சொல்லிக் கொடுத்தது?" என்றார். அப்புறம் பெயரைத் திரும்ப ஒரு தடவை பார்த்தார். பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வரச் சொன்னார்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

ஆமாம் என்றேன்.

"புரோகிராம் எழுதத் தெரியாதுன்னு மூணு மாசத்துக்கு முன்னாடி நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. ஒண்ணு அன்னிக்குப் பொய் சொல்லியிருக்கீங்க, இல்ல இன்னிக்கு யாரையோ பார்த்து எழுதியிருக்கீங்க. எதுவா இருந்தாலும் எங்களுக்கு ஆகாதும்மா."

என் வாயில் வந்துவிட்டது. அந்த ஆயிரத்து நானூற்றுப் பதினாறு பக்கத்தில் எங்கே வேண்டுமானாலும் விரலை வையுங்கள், அடுத்த வரி என்ன என்று பார்க்காமலே சொல்கிறேன் என்று. சொல்லியிருந்தால் அன்றைக்கே உன்னை வெளியே அனுப்பியிருப்பார்கள். "வாரேன் சார்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

உன் அறை எது என்று கேட்டேன். நீ ஐதராபாத் போயிருப்பதாகச் சொன்னார்கள். கதவு திறந்துதான் இருந்தது. மேசைமேல் சீனியம்மாள் என்று அம்மா பேர் வெட்டின டிபன் பாக்ஸ், மூடி திறந்து, பாதிச் சோறோடு இருந்தது.

வெளியே வந்தால், "என்னத்தா ஆச்சு?" என்றார் அப்பா. "ஆள் எடுத்தாச்சாம்ப்பா" என்றேன். "சரி விடு, சூரியாவப் பாத்துட்டுப் போவமா?" என்றார். ஊரில் இல்லை என்றேன். ஒரே நாளில் உனக்காக இரண்டு பொய்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பெரியவருக்கு ஒரு கடிதம் எழுது. 'என் தங்கைக்குப் புரோகிராம் எழுதத் தெரியும்' என்று ஒரு வரி போதும். மொத்தமும் அவள் எழுதியது என்று நீ சொல்ல வேண்டாம். தெரியும் என்று மட்டும் சொல். மாசி ஏழாம் தேதி பரிசம் போட வருகிறார்கள். அதற்கு முன்னால் உன் கடிதம் அங்கே போக வேண்டும்.

முனீஸ்வரி

*

சென்னை
22.2.1999

அன்புத் தங்கச்சி முனீசுக்கு,

நலம். வீட்டில் அனைவரும் நலமா? உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. வெளியூர், அலைச்சல்.

பரிசம் நல்லபடியாக முடிந்தது என்று அப்பா எழுதியிருந்தார். ரொம்ப சந்தோஷம். நீ கேட்டதைப் பற்றி யோசித்தேன். தங்கச்சிக்குத் தெரியும் என்று நான் இப்போது எழுதினால், அப்போது ஏன் தெரியாது என்று எழுதி வாங்கினாய் என்று கேட்பார்கள். ஒன்றைத் தொட்டால் எல்லாம் அவிழ்ந்துவிடும். நம் வீட்டில் ஒருவராவது நிலைத்து நிற்க வேண்டாமா? நீயே சொல்.

சுருளி மாப்ள தங்கமான பையன். சொந்தப் பட்டறை. சென்னையில் வந்து ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிட்டுக் கஷ்டப்படுவதைவிட இது எவ்வளவோ மேல். நாளைக்கு நீயே சொல்வாய். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாலேயே வந்துவிடுவேன்.

அண்ணன்
சூரியா

*

சென்னை
9.6.1999

அன்புத் தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் அண்ணன் சூரியபிரகாஷின் அன்பும் ஆசியும். புதுக் குடித்தனம் எப்படி இருக்கிறது? பட்டறை நன்றாக ஓடுகிறதா? அத்தையைக் கேட்டதாகச் சொல்.

கல்யாணத்துக்கு வர முடியாமல் போனது எனக்கு எவ்வளவு வருத்தம் என்று சொல்லி முடியாது. அதே வாரம் திருச்சி ஆஸ்பத்திரியில் நம் புரோகிராமைப் போட வேண்டியதாகிவிட்டது. பட்டுப்புடவை சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தத் திருச்சி விஷயமாகத்தான் எழுதுகிறேன். ஒரே நாளில் ஒரு நோயாளியை இரண்டு தடவை வார்டு மாற்றினால், காலியான கட்டிலில் இன்னும் ஆள் படுத்திருப்பதாகவே காட்டுகிறது. நர்சுகள் கையால் எழுதி வைத்துச் சமாளிக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் மானம் போகிறது. பதினைந்து பேர் ஒரு மாதமாகப் பார்க்கிறோம், ஒருத்தனுக்கும் பிடிபடவில்லை. எழுதியவர் நீங்கள்தானே, உங்களுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று எம்.டி. என்னைக் கேட்கிறார். அறுநூற்று நாற்பதாம் பக்கத்திலிருந்து ஆறு பக்கம் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். நீ பார்த்தால் ஐந்து நிமிஷம். எந்த வரி என்று மட்டும் எழுதினால் போதும்.

இந்த மாதத்துக்குள் சரியாகாவிட்டால் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஆளை வைத்துப் புதிதாக எழுதப் போகிறார்களாம். உன் நாலு வருச உழைப்பு முனீசு. அது வீணாகப் போவதைப் பார்க்க உனக்கு மனசு வருமா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அண்ணன் சூரியா

*

அவனியாபுரம்
21.6.1999

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

இங்கே நலம். புடவை வந்தது, அத்தை கட்டிக்கொண்டது.

நீங்கள் அனுப்பிய ஆறு பக்கமும் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் உங்கள் கையெழுத்து இருக்கிறது. வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒங்கண்ணே கையெழுத்து அம்சமா இருக்கே" என்றார். ஆமாம் என்று சொன்னேன்.

உங்கள் கடிதத்தில் முதல் தடவையாக 'உன் நாலு வருச உழைப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இதே வரியை ஜனவரியில் அந்தப் பெரியவருக்கு நீங்கள் எழுதியிருந்தால் உங்கள் கை ஒடிந்தா போயிருக்கும்? வயிறு எரிகிறது. அடுப்படியில் நின்றுகொண்டே பக்கத்தைப் புரட்டினேன், சோறு பொங்குவதற்குள் தவறு கண்ணில் பட்டுவிட்டது. ஒரே ஒரு வரிதான். பக்கங்களை அடுப்பில் வைத்துவிட்டேன்.

மொத்தத்தையும் தூக்கிப் போடட்டும். எனக்கு வலிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. எனக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. நம்பிக்கை இல்லாவிட்டால் உங்கள் கம்பெனி பீரோவில் நான் எழுதிக் கொடுத்த தாள் இருக்கிறது, வக்கீலிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இப்படிக்கு
சு. முனீஸ்வரி
டைப் அடித்தவள்